தேடுபொறியே எல்லாம் தந்துவிடும்போது ஆராய என்ன மிச்சம் இருக்கிறது?

நூலக அறிவியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவுசெய்ய எண்ணியிருக்கும் ஒருவர் மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருக்கிறார்: “தகவல் மீட்பிலும், மக்கள் இணையத்தில் எப்படித் தேடுகிறார்கள் என்பதிலும் ஆய்வு செய்ய விருப்பம். ஆனால் பெரிய நிறுவனங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்துவிட்டன. இப்போது செயற்கை நுண்ணறிவே நேரடியாகப் பதிலும் சொல்கிறது. கணினி அறிவியல் படிக்காத ஒருவர், கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு செய்வதற்கு இதில் என்ன மிச்சம் இருக்கிறது?”

நிறையவே மிச்சம் இருக்கிறது. ஒருவர் மனத்தில் இருக்கும் தேவை, தேடல் பெட்டியில் அவர் இடும் சொற்களாக மாறுவதற்குள் என்னென்ன இழக்கிறது என்பது, குவிந்துகிடக்கும் ஆவணங்களிலிருந்து வேண்டியதைத் தேடி எடுக்கும் வழிகளை ஆராயும் தகவல் மீட்புத் துறையின் பழைய கேள்விகளுள் ஒன்று. ஆங்கிலத்திலேயே அதற்கு முழு விடை கிடைத்துவிடவில்லை. வீட்டில் ஒரு தமிழும் அலுவலகத்தில் வேறொரு தமிழும் எல்லைக்கு அந்தப்பக்கம் மலையாளமும் புழங்கும் நம் மாவட்டத்தில் அந்த இழப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அதை அருகிருந்து கவனிப்பதற்கு நிரல் எழுதத் தெரிவதைவிட மக்களோடு பொறுமையாகப் பேசத் தெரிவதே முதல் தகுதி. நூலக அறிவியல் படித்தவருக்கு அது தொழிலின் அடிப்படைப் பயிற்சி. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

‘தகவல் மீட்பு’ என்று நாம் தமிழாக்கி வழங்கும் ஆங்கிலத் தொடரை 1950இல் முதலில் பயன்படுத்தியவர் கால்வின் மூயர்ஸ். துறைக்கு அளவுகோல் தந்தவர் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரியில் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன். 1950களின் பிற்பாதியில் அவர் தொடங்கிய முதல் சோதனையில், 18,000 ஆவணங்களை நான்கு முறைகளில் அட்டவணைப்படுத்தி (அதாவது, தேடுவதற்கான குறிப்புகள் இட்டு), எந்த முறையில் தேடினால் வேண்டிய ஆவணம் கிடைக்கிறது என்று ஒப்பிட்டார்கள். அந்த நான்கில் ஒன்று, ஒரு பொருளைப் பல முகங்களாகப் பகுத்து வகைப்படுத்தும் முறை. அந்தச் சிந்தனை சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதனிடமிருந்து உலகுக்குப் போனது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். நான்கு முறைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை. தனித்தனிச் சொற்களைக் கொண்டு அட்டவணையிடும் எளிய முறை மற்றவற்றுக்கு எந்த வகையிலும் குறைந்துபோகவில்லை. நிபுணர்கள் பலருக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. இரண்டாம் சோதனையின் முடிவுகள் 1966இல் வெளிவந்தன. அதில் 1,400 ஆய்வுக்கட்டுரைகள் இருந்தன. பிற்பாடு எல்லாரும் பயன்படுத்திய வடிவத்தில் 225 கேள்விகள் இருந்தன. ஒவ்வொரு கேள்விக்கும் எந்தெந்தக் கட்டுரை பொருத்தமானது என்ற தீர்ப்பும் அதோடு உண்டு.

இந்தச் சோதனைகளின் வழியாகவே துல்லியம், மீட்பளவு ஆகிய இரண்டு அளவைகளும் நிலைபெற்றன. கிடைத்தவற்றில் எத்தனை பொருத்தமானவை என்பது துல்லியம். இருக்கும் பொருத்தமானவற்றில் எத்தனை கிடைத்தன என்பது மீட்பளவு. அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 1992இல் தொடங்கிய, தேடல் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ட்ரெக் போட்டிகளும், கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் முன்முயற்சியில் 2008 முதல் இந்திய மொழிகளுக்காக நடக்கும் ஃபயர் மாநாடும் அடிப்படையில் கிளெவர்டன் போட்ட பாதையில் செல்பவைதாம்.

இந்தப் பாதையில் ஒரு முன்கருதல் இருக்கிறது. கேள்வி என்பது தெளிவாக, முழுதாக, மாறாமல் முன்கூட்டியே இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. சோதனைக் கூடத்துக்கு அது தேவைதான். ஆனால் மனிதர்கள் அப்படிக் கேட்பதில்லை என்பதை 1968இல் ராபர்ட் டெய்லர் என்ற நூலக அறிஞர் தெளிவாக எழுதினார். ஒரு கேள்வி நான்கு நிலைகளைக் கடக்கிறது என்றார் அவர். உள்ளே உறுத்திக்கொண்டிருந்தும் சொல்லில் வராத தேவை முதல் நிலை. மனத்தில் அரைகுறையாக உருவான விவரிப்பு இரண்டாவது. ஒழுங்கான வாக்கியமாகச் சொல்ல முடிந்த கேள்வி மூன்றாவது. நூலகத்தில் என்ன இருக்கும், எந்தத் தலைப்பின்கீழ் இருக்கும் என்று ஊகித்து அதற்கேற்ப வளைத்துக்கொண்ட கேள்வி நான்காவது. தேடுபொறிக்கு வந்து சேர்வது இந்த நான்காவது மட்டுமே.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் தக்கலையிலோ குழித்துறையிலோ ஏதாவது ஒரு இ-சேவை மையத்தில் ஒரு முற்பகல் உட்கார்ந்தால் போதும். ஒரு மூதாட்டி வந்து, “அவருக்க பேர்ல கிடக்க வஸ்துவ எனக்க பேருக்கு மாத்தணும் மக்களே” என்கிறார். கணினி முன் இருக்கும் இளம்பெண் உடனே எதையும் தட்டச்சு செய்வதில்லை. “தாத்தா எப்ப இறந்தாவ பாட்டி? வாரிசு சர்ட்டிபிகேட் எடுத்தாச்சா? பிள்ளைகளுக்கும் பங்கு உண்டுல்லா, பிரிச்சு அளக்கணுமா?” என்று கேட்கிறார். பதில் வேறு பக்கம் போகிறது: பிள்ளைகள் இப்போது பங்கு கேட்கவில்லை, வீட்டுக் கடனுக்கு வங்கியில் பட்டாவைக் கேட்கிறார்கள், அதற்குத்தான் இந்த அவசரம். வாரிசுச் சான்றிதழ் எடுக்கவில்லை. பட்டா மாறுதல் என்று கேட்டு வந்தவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பம். மூதாட்டி சொன்ன ஒரு சொல்கூடத் திரையில் ஏறவில்லை. ஆனாலும் அவருக்கு வேண்டிய இடம் கிடைத்துவிட்டது.

அந்த இளம்பெண் கேட்ட கேள்விகளை டெய்லரின் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூலகர் ஒருவர் ஐந்து வடிகட்டிகள் வழியாக வாசகரின் தேவையைத் தெளிவாக்குகிறார் என்கிறார் டெய்லர்: பொருள் என்ன என்று வரையறுப்பது, எதற்காகக் கேட்கிறார் என்ற நோக்கம், கேட்பவரின் பின்னணி, அவர் விவரிப்புக்கும் ஆவண அமைப்புக்கும் உள்ள தொடர்பு, எப்படிப்பட்ட விடை அவருக்கு ஏற்கும் என்பது. ஐந்தும் அந்த மேசையில் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடுகின்றன, அதுவும் நூலக அறிவியல் படிக்காத ஒருவர் கையால். இது கவனமாகப் பதிவுசெய்து ஆராயத் தக்க அறிவு என்பது என் உறுதியான கருத்து. தேடுபொறி நிறுவனத்தின் பதிவேட்டில் இந்த மூதாட்டியின் தடமே இருக்காது. இளம்பெண் கடைசியாகத் தட்டிய இரண்டு சொல் மட்டும் இருக்கும். பதிவேடுகளை மட்டும் வைத்துத் தேடல் நடத்தையை ஆராய்கிறவர்கள் இடையாள் வழியாகத் தேடும் எல்லாரையும் விட்டுவிடுகிறார்கள். நம் மாவட்டத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கடைக்காரர் என்று இடையாள் வழியே தேடுகிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

மூதாட்டி சொன்ன ‘வஸ்து’ இன்னொரு சிக்கலைக் காட்டுகிறது. நமக்கு அது நிலம். திருச்சிக்காரருக்கு அது ஏதோ ஒரு பொருள். ஒரே பொருளைக் குறிக்க இருவர் தாமாக ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்தகவு 0.20க்கும் குறைவு என்று ஃபர்னாஸும் உடனாய்வாளர்களும் 1987இல் காட்டினார்கள். அவர்கள் சோதித்தது ஆங்கிலம் பேசுவோரை. இங்கே மரச்சீனி என்பது மற்ற மாவட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு. குளச்சலில் சாளை என்று ஏலம் போவது சென்னையில் மத்தி. அயிலை அங்கே கானாங்கெளுத்தி. மரச்சீனியில் இலை சுருண்டுபோனால் என்ன மருந்து தெளிக்கலாம் என்று தேடும் விவசாயிக்கு, வேளாண் துறை மரவள்ளி என்ற தலைப்பில் எழுதி வைத்திருக்கும் நல்ல குறிப்பு கண்ணில் படாமலே போகக்கூடும். குறிப்பு இல்லாமல் இல்லை. இருவரும் வேறு வேறு சொல்லில் நிற்கிறார்கள்.

ஊர்ப்பெயர்களும் அப்படித்தான். நாகர்கோவில், நாகர்கோயில், குளச்சல், கொளச்சல், தேங்காப்பட்டணம், தேங்காய்ப்பட்டணம், தேங்காப்பட்டினம். இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டில் தட்டுகிறார்கள்.

தமிழ் இலக்கணத்தின் அமைப்பும் எந்திரத்துக்கு ஒரு தனிச் சுமை. 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் ஓர் எளிய, ஆழமான கருத்தை முன்வைத்தார்: சில ஆவணங்களில் மட்டும் வரும் சொல்லுக்கு அதிக எடை, எல்லா ஆவணங்களிலும் வரும் சொல்லுக்குக் குறைந்த எடை. இன்றுவரை சொல் அடிப்படையிலான தேடலின் முதுகெலும்பு இதுதான். ஸ்டீபன் ராபர்ட்சனும் உடனிருந்தவர்களும் லண்டனில் உருவாக்கிய பிஎம் 25 என்ற, ஆவணங்களை வரிசைப்படுத்தும் சூத்திரமும் இதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் தமிழில் ‘அணை’ என்ற ஒரு சொல் அணையில், அணையின், அணைக்கு, அணையிலிருந்து, அணைகளுக்கும் என்று கிளைக்கிறது. வேர்ச்சொல்லைப் பிரிக்காமல் எண்ணினால் ஒவ்வொரு வடிவமும் தனிச்சொல்லாகி, ‘அணையிலிருந்தும்’ என்ற வடிவம் அரிதாக வருவதால் மட்டுமே விலைமதிப்புள்ள சொல்லாகத் தோன்றிவிடும். பேச்சிப்பாறை அணையைப் பற்றித் தேடுகிறவருக்குப் பொருளால் நெருங்கிய பக்கம் கீழே போய், வேற்றுமை உருபால் ஒத்த பக்கம் மேலே வந்து நிற்கும்.

அதற்காக உருபுகளையெல்லாம் கண்மூடி வெட்டினாலும் கேடுதான். விளக்கை ‘அணைத்தான்’, குழந்தையை ‘அணைத்தாள்’ என்பவை அணையோடு வந்து சேர்ந்துகொள்ளும். ‘பாலத்தில்’ என்பதை மிகையாக வெட்டினால் மாத்தூர் தொட்டிப்பாலத்தைத் தேடுகிறவருக்கு ரப்பர் பால் விலை வந்து நிற்கும். குறைவாக வெட்டினால் மீட்பளவு குறைகிறது, அதிகமாக வெட்டினால் துல்லியம் குறைகிறது. ஸ்னோபால் என்ற திறந்தமூலத் தொகுப்பில் தமிழுக்கும் ஒரு வேர்ச்சொல் பிரிப்பான் இருக்கிறது. நிரல் தெரியாதவரும் ஒரு கணினித் துறை நண்பரின் துணையோடு அதை இயக்கி, நம் வட்டாரச் சொற்களிலும் ஊர்ப்பெயர்களிலும் அது எங்கே தடுமாறுகிறது என்று பட்டியலிடலாம்.

மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்ற பக்கத்தில் முதலில் வந்த பெரிய சான்று ஆல்டாவிஸ்டா என்ற பழைய தேடுபொறியின் பதிவேடு. 1999இல் வெளியான அந்த ஆய்வின்படி ஒரு தேடலின் சராசரி நீளம் 2.35 சொல், 85 விழுக்காட்டுத் தேடல்களில் முதல் திரையைத் தாண்டி யாரும் போகவில்லை. இந்த 2.35 என்ற எண்ணைத் தமிழ்த் தேடல்களோடு நேராக ஒப்பிட வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ‘திற்பரப்பிலிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதுவே இரண்டு. சொல்லை எண்ணி, தமிழர் சுருக்கமாகத் தேடுகிறார்கள் என்று முடிவுகட்டினால் அது மொழியின் இயல்பை மனிதரின் இயல்பாகப் பிழையாகக் கொள்வதாகும்.

2005இல் தார்ஸ்டன் யோவாக்கிம்ஸ் குழுவினர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனை உங்களுக்கு நேரடியாக உதவும். மாணவர்கள் தேடும்போது அவர்கள் கண் திரையில் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பதிந்தார்கள். சிலருக்கு முடிவுகளின் வரிசையை அவர்கள் அறியாமலே மாற்றிக் காட்டினார்கள். அப்போதும் மேலே நின்ற முடிவு, அதன் தகுதிக்கு மீறிய அளவில் சொடுக்கப்பட்டது. தேடுபொறி மேலே வைத்ததால் அது நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே காரணம். ஆகவே எதை அதிகம் பேர் சொடுக்கினார்கள் என்பது எது சிறந்தது என்பதற்குச் சான்றாகாது.

தேடல் ஒரே கேள்வியில் முடிவதில்லை என்பதை 1989இல் மார்சியா பேட்ஸ் எழுதினார். காட்டில் செடி செடியாகப் போய்ப் பழம் பறிப்பதுபோல மக்கள் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகத் தகவல் சேர்க்கிறார்கள்; ஒவ்வொன்றைப் பார்த்ததும் அவர்களுடைய கேள்வியே மாறுகிறது என்றார். திருவிதாங்கூர் டச்சுக் கம்பெனியை வென்ற குளச்சல் போரைப் பற்றித் தேடத் தொடங்கும் ஒரு மாணவியை எண்ணிக்கொள்ளுங்கள். 1741 என்ற ஆண்டும் மார்த்தாண்டவர்மரும் முதலில் கிடைக்கும். அங்கிருந்து, தோற்றுப் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டி லனாயிடம் போவாள். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சிப் பக்கத்து உதயகிரிக் கோட்டையில் இருப்பது தெரிந்ததும் கேள்வி கோட்டையைப் பற்றியதாகும். டச்சுக் கம்பெனி தன் தோல்வியை எப்படி எழுதி வைத்திருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால் நெதர்லாந்து ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியிருக்கும். இதில் எது அவளுடைய ‘கேள்வி’? கிரான்ஃபீல்டு முறை இந்தப் பயணத்தின் ஒரு படியை மட்டுமே அளக்கும்.

அந்த மாணவி நடுவழியில் சோர்ந்துபோவாள் என்பதும் ஆராயப்பட்ட செய்தி. பள்ளி மாணவர்களிடம் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆய்ந்த கேரல் கூல்த்தாவ், தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் வரும் உற்சாகம், தேடித் துழாவும் கட்டத்தில் குழப்பமாகவும் ஐயமாகவும் மாறுகிறது என்று காட்டினார். கையில் ஒரு தெளிவான நோக்கு உருவான பிறகே நம்பிக்கை திரும்புகிறது. மாணவர் அக்கறையில்லாமல் இருக்கிறார் என்று வழிகாட்டிகள் கடிந்துகொள்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த வேளையில்தான் அவருக்குத் துணை அதிகம் தேவைப்படுகிறது.

மாணவியின் பாதையில் இன்னொரு தடை, நம் மாவட்டத்துக்கே உரியது. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரோடும் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. நம் ஊரைப் பற்றிய தகவல் பல நேரங்களில் மலையாளத்தில் இருக்கிறது. தேடுகிறவர் தமிழில் தட்டுகிறார். மொழிகடந்த தகவல் மீட்பு என்ற கிளை இதற்காகவே இருக்கிறது. மலையாளம் காதால் புரியும், படிக்க வராது என்ற நிலையிலிருக்கும் ஒருவர் தேடும்போது என்ன செய்கிறார் என்று ஆராய கேரள எல்லையிலுள்ள விளவங்கோடு வட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

செயற்கை நுண்ணறிவுக்கு வருகிறேன். ஏராளமான எழுத்தைப் படித்துச் சொற்களின் பொருளுறவைக் கற்கும் பெர்ட் என்ற மொழி மாதிரி 2018இல் வெளிவந்தது. மறு ஆண்டே கூகுள் அதைத் தேடலில் பயன்படுத்தத் தொடங்கியது. சொல்லுக்குச் சொல் பொருத்தாமல் பொருளுக்குப் பொருள் பொருத்த முயலும் இந்த முறைகள் நான் மேலே சொன்ன சொல் வேறுபாட்டுச் சிக்கலை ஓரளவு தீர்க்கின்றன. ஆனால் இரண்டு சொல் ஒரே பொருளன என்று மாதிரி கற்றுக்கொள்வது அவை எழுத்தில் போதிய அளவு புழங்கினால்தான். மரச்சீனியும் அயிலையும் வாய்மொழியில் வாழும் அளவுக்கு எழுத்தில் வாழவில்லை. நேரடியாக விடை எழுதித் தரும் கருவிகளில் பலவும் உள்ளே முதலில் ஆவணங்களை மீட்டெடுத்து, அவற்றை வைத்தே விடை எழுதுகின்றன. மீட்பில் தவறினால் விடையும் தவறாகும், அதுவும் சரளமான தமிழில், தயக்கமின்றித் தவறாகும். பட்டியல் இருந்தவரை இரண்டாவது, மூன்றாவது முடிவையாவது பார்க்க வாய்ப்பிருந்தது. தேடலை இப்படி ஒற்றை விடையாகச் சுருக்குவது, ஒப்பிட்டும் துழாவியும் கற்றுக்கொள்ளும் வழியை அடைத்துவிடும் என்று சிராக் ஷாவும் எமிலி பெண்டரும் 2022இல் வாதிட்டார்கள். அவர்களோடு நான் உடன்படுகிறேன். பேட்ஸும் கூல்த்தாவும் விவரித்த நடத்தை இந்தப் புதிய கருவிகளின் முன் என்ன ஆகிறது என்பது இப்போது திறந்து கிடக்கும் ஆய்வுக்களம்.

எங்கே தொடங்குவது என்றால், இ-சேவை மையத்திலோ பொது நூலகத்திலோ இடையாள் வழித் தேடலிலிருந்து தொடங்குங்கள் என்பேன். வந்தவர் முதலில் சொன்ன வாக்கியம், இடையாள் கேட்ட கேள்விகள், கடைசியில் திரையில் ஏறிய சொற்கள் ஆகிய மூன்றையும் சொன்னது சொன்னபடி பதியுங்கள். வட்டார வழக்கை எழுத்துத் தமிழாகத் திருத்திப் பதிந்தால் ஆய்வே வீணாகிவிடும். டெய்லரின் வடிகட்டிகளில் எது எங்கே வந்தது, எது அவர் பட்டியலில் அடங்கவில்லை என்று பிரித்துப் பாருங்கள். அடங்காதவை கிடைத்தால் அவைதாம் உங்கள் பங்களிப்பு.

அதிலிருந்தே இரண்டாம் கட்டம் உருவாகும். கிரான்ஃபீல்டின் 1,400 கட்டுரை, 225 கேள்வி என்ற அளவு ஒரு கல்லூரித் துறை கூட்டாகச் செய்து முடிக்கக்கூடியது. மாவட்டத்தின் வேளாண்மை, மீன்பிடிப்பு, நில ஆவணம் பற்றிய தமிழ்ப் பக்கங்களைத் திரட்டி, மக்கள் உண்மையில் கேட்ட கேள்விகளை அவர்கள் சொற்களிலேயே வைத்து, பொருத்தத் தீர்ப்புகளைச் சேர்த்தால் மற்ற ஆய்வாளர்களும் பயன்படுத்தக்கூடிய தொகுப்பு ஆகிவிடும். தீர்ப்பளிப்பவர்கள் தங்களுக்குள் வேறுபடுவார்களே என்று வழிகாட்டி கேட்டால், ட்ரெக் தரவுகளை வைத்து எலன் வூர்ஹீஸ் காட்டியதைச் சொல்லுங்கள்: நடுவர்கள் வேறுபட்டாலும் முறைகளுக்கு இடையேயான தரவரிசை பெரிதும் மாறுவதில்லை.

தரவைப் பாதுகாப்பதில் தொடக்கம் முதலே கண்டிப்பாக இருங்கள். 2006இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பேரின் தேடல் பதிவுகளைப் பெயர் நீக்கி, எண் மட்டும் இட்டு ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே செய்தியாளர்கள் அந்தத் தேடல் சொற்களை மட்டும் வைத்து ஒருவரை அடையாளம் கண்டு அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். பெரிய நாட்டில் அப்படியென்றால், ஒரே தெருவில் எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் நம் ஊர்களில் ஒரு நோயின் பெயரும் ஒரு சர்வே எண்ணும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே பதிவதற்கு முன் வந்தவரிடமும் இடையாளிடமும் தனித்தனியே ஒப்புதல் பெறுங்கள். மறுப்பவரின் எந்தச் சொல்லையும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள். ஊர்ப்பெயர், சர்வே எண், நோய், தேதி ஆகியவற்றை அன்றன்றைக்கே மாற்றுக்குறிகளாக மாற்றி, மூலக் குறிப்பேட்டைத் தொகுப்போடு சேர்க்காமல் தனியே பூட்டி வையுங்கள்.